விரல்நடை

மிருதுளா இறந்து பதினான்கு மாதம் ஆகிவிட்டது. நிரல் பதிவகத்தில் மட்டும் அவள் உயிரோடு இருந்தாள். மாதம் தவறாமல் உயிர்ச்சான்று கொடுத்தாள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தான் எழுதிய கணினிக் ‘கோடு’களைத் திருத்தினாள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு வரிக் குறிப்பு எழுத வேண்டும். அதில் எப்போதும்போல அன்றைக்கு என்ன சாப்பிட்டாள் என்று எழுதினாள்.

எல்லாவற்றையும் செய்தது அவள் கணவன் தரணிதரன்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அழைப்பு மணி அடித்தபோது அவன் அவளுடைய கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மேஜைமேல் ஐந்து பழைய டேப்லட்டுகள். ஒன்றின் திரையில் கீறல், இன்னொன்றுக்குச் சார்ஜரைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். டயாலிசிஸ் மையங்களின் வாசல் மேஜைகளில் இருக்கும் அதே ரகம். புதிய திருத்தம் ஐந்திலும் ஒழுங்காக ஓடியது. கீறல் விழுந்ததில் நேற்று மாலை வரை ஓடவில்லை. இப்போதுதான் சரியானது.

இனி அவள் பெயரில் கையெழுத்திட்டு வெளியிட வேண்டும். ஒரு மணிக்குள். வெள்ளிக்கிழமை மத்தியானம் யாரும் எதையும் வெளியிடக்கூடாது என்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். வெளியிட்டவனுக்குச் சனி, ஞாயிறு இல்லாமல் போகும். பதிவகம் அதை விதியாகவே ஆக்கிவிட்டது. ஒரு மணிக்குக் கதவை மூடினால் திங்கள் காலை பத்துக்குத்தான் திறக்கும்.

திங்கள் பத்து என்பது தாமதம். அன்று விடியற்காலையிலேயே எல்லா டேப்லட்டுகளுக்கும் புதிய பிரவுசர் போய்ச் சேர்ந்துவிடும். பழைய வசதிகள் சிலவற்றை அது கைவிடுகிறது. அவற்றில் ஒன்றின் மேல்தான் மிருதுளா ‘முறை’யைக் கட்டியிருந்தாள். ‘முறை’ அவளுடைய சொந்த முயற்சி. அப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்த காலத்தில், விடியுமுன் போய் வரிசையில் நிற்க வேண்டாமே என்று, யாருக்கு எந்த நேரம், எந்த மிஷின் என்று சொல்லும் ஒரு சின்ன வலைப்பக்கமாக எழுதினாள். இன்று இருநூற்றுப் பன்னிரண்டு மையங்கள் அதைப் பார்த்துத்தான் நோயாளிகளை உள்ளே விடுகின்றன. திருத்தம் போகாவிட்டால் திங்கள் காலை ஐந்து மணிக்கு அத்தனை திரைகளும் வெள்ளையாக இருக்கும்.

மணி மறுபடி அடித்தது. தரணி எழுந்து போய்க் கதவைத் திறந்தான்.

வெளியே ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், படியேறிய மூச்சோடு நின்றார். காட்டன் புடவை, கழுத்தில் பதிவகத்தின் அட்டை.

“ஜெசிந்தா. நிரல் பதிவகம், கள ஆய்வு. லிஃப்டு ஓடலன்னு கீழ ஒரு போர்டு வைக்கப்படாதா தம்பி? நாலு மாடி.”

“ரிப்பேர் பண்றதா சொன்னாங்க மேடம்.”

“மிருதுளா இருக்காங்களா?”

இந்தக் கேள்விக்கான பதிலை அவன் பதினான்கு மாதமாகத் தயாராக வைத்திருந்தான். “வெளிய போயிருக்காங்க.” சொன்ன பிறகுதான் உறைத்தது: மிருதுளாவைப் பற்றிப் பேசும்போது அவன் ஒருநாளும் ‘ங்க’ போட்டதில்லை.

“எப்ப வருவாங்க?”

“சாயந்தரம் ஆயிருங்க.”

“நீங்க யாரு?”

“வீட்டுக்காரருங்க.”

“பேரு?”

“தரணிதரன்.”

ஜெசிந்தா ஒரு காலால் மறுகால் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்படியே நின்றார். அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்.

“தரணிதரன்?”

“ஆமாங்க.”

“ம்.” செருப்பை ஓரமாகத் தள்ளினார். செருப்பு அலமாரியில் ஆண் செருப்பு இரண்டு ஜோடி மட்டும் இருந்தது. அதையும் பார்த்தார். “மொதல்ல ஒரு செம்பு தண்ணி குடுங்க.”

தண்ணீர் எடுக்கப் போனபோது தரணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று முப்பத்தெட்டு.

திரும்பி வந்தபோது அவர் நாற்காலியை மேஜைக்கருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஐந்து டேப்லட்டுகளையும் எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா பென்ஷன்காரரு. வருசத்துக்கு ஒருக்கா ட்ரெஷரிக்குப் போயி நான் உசுரோட இருக்கேன்னு காட்டிட்டு வருவாரு. திட்டிக்கிட்டே போவாரு. உங்க பாடு மாசாமாசம். முப்பது வயசுலயே.”

“பழகிருச்சுங்க.”

“ஏன் வச்சாங்க தெரியும்லா?”

தெரியாதவர்கள் இந்தத் தொழிலில் கிடையாது. ஆறு வருடங்களுக்கு முன், எங்கோ ஒருவர் இறந்துபோனார். அவர் எழுதிய நாற்பது வரிக் கோடு ஒன்று உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அவர் இறந்தது யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொண்ட ஒருவன் அவர் பெயரிலேயே உள்ளே நுழைந்தான். ரயில் டிக்கெட், ரேஷன், மருந்துச் சீட்டு, மூன்று நாள் எதுவும் ஓடவில்லை. அதன் பிறகு சட்டம் வந்தது: பொது இடங்களில் ஓடும் ஒவ்வொரு கோடுக்கும் உயிருள்ள ஒரு மனிதர் பொறுப்பு. கடவுச்சொல்லைத் திருடலாம், முகத்தைப் போலி செய்யலாம். தட்டச்சு செய்யும்போது விரல்கள் போகும் நடையைத் திருட முடியாது என்றார்கள். எந்த எழுத்தில் விரல் தயங்கும், எந்த இரண்டு எழுத்தை ஒன்றாக அடிக்கும், எவ்வளவு நேரம் அழுத்தும். அதற்கு விரல்நடை என்று பெயர் வைத்தார்கள். பதிவகம் மாதம் ஒருமுறை புதிதாக ஒரு பத்தியைக் காட்டும். அதைத் தட்டச்ச வேண்டும். நூற்றுக்கு அறுபது பொருந்தினால் உயிரோடு இருக்கிறீர்கள்.

“இறந்துட்டாங்கன்னா ஆறு மாசத்துக்கு அந்தக் கோடுல யாரும் கைவைக்கக் கூடாது” என்றான் தரணி. “அதுவும் தெரியுங்க.”

“நல்லது.” ஜெசிந்தா பையிலிருந்து தன் டேப்லட்டை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்து மாட்ட அரை நிமிடம் ஆனது. “இன்னைக்கு என்ன சமையல் வீட்ல?”

“உப்புமாங்க.”

“யாரு செஞ்சா?”

“நான்தான்.”

“மிருதுளா சாப்பிட்டாங்களா?”

“சாப்பிட்டுத்தான் போனாங்க.”

அவர் தலையாட்டிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். ஒரு நர்ஸ் மருந்துச் சீட்டை வாசிக்கும் குரல். “போன வருசம் சனவரி ஒம்பது. ‘பட்டன் நிறம் மாற்றம். அரிசிம்பருப்பு சோறு, ரெண்டு தடவை.’ சனவரி பன்னெண்டு. ‘தேதி பிழை நீக்கம். பேக்கரியில் தேங்காய் பன். யாரும் பார்க்கவில்லை.’” அவருக்குச் சிரிப்பு வந்தது. “பிப்ரவரி நாலு. ‘வேகம் கூட்டல். இனி வீட்டில் உப்புமா கிண்டினால் டைவர்ஸ் என்று அறிவித்துவிட்டேன்.’”

தரணி ஒரு டேப்லட்டைத் திருப்பி வைத்தான்.

“மார்ச்சு ரெண்டு, உப்புமா. மார்ச்சு ஏழு, உப்புமா. ஏப்ரல் பூரா ரவா உப்புமா. நடுவுல ஒருநாள் சேமியா உப்புமா.” கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “இந்தப் பொண்ணுக்கு மார்ச்சுல என்னய்யா ஆச்சு?”

முதல் இரண்டு வாரம் அவளுக்குப் பிடித்ததை யோசித்து எழுதினான். அப்புறம் யோசிக்க முடியவில்லை. குறிப்பில் பொய் எழுதக்கூடாது என்பது கல்லூரியிலிருந்து வந்த பழக்கம். செய்ததை மட்டும் எழுது என்று ஒரு சீனியர் அடித்துச் சொல்லியிருந்தார். கை தானாகவே அவன் சாப்பிட்டதை எழுதிவிட்டது. பதினான்கு மாதமாக.

“டயட்டுங்க” என்றான்.

“ம். கீபோர்டு இதானா? கொஞ்சம் டைப் பண்ணிக் காட்டுங்க.”

“நானுங்களா?”

“நீங்கதான் இருக்கீங்க.”

அவர் தன் டேப்லட்டை மிருதுளாவின் கீபோர்டோடு இணைத்தார். பதினொன்று ஐம்பத்திரண்டு. தரணிக்கு விளையாட்டு விளங்கிவிட்டது. மிருதுளாவாக மாதாமாதம் தட்டச்சுவது இவன்தானா என்று பார்க்கிறார். பொருந்திவிட்டால் இன்றே முடக்கம். திங்கள் காலை வெள்ளைத் திரைகள்.

திரையில் ஒரு பத்தி வந்தது. ஏதோ ஓர் ஊரின் மழைக் கணக்கு. அவன் வேண்டுமென்றே மெதுவாக அடித்தான். இடையிடையே நிறுத்தினான். நான்கு இடத்தில் தப்பு செய்து அழித்தான். ஒரு சொல்லை மூச்சை அடக்கிக்கொண்டு எழுத்தெழுத்தாக அடித்தான். முடித்துவிட்டுக் கையை மடியில் வைத்தான்.

ஜெசிந்தா நீண்ட நேரம் திரையைப் பார்த்தார். பிறகு அதை அவன் பக்கம் திருப்பினார்.

‘மிருதுளா: 97. தரணிதரன்: 8.’

“மெதுவாப் பாடுனா ராகம் மாறிருமா தம்பி?”

அவன் கைகள் மறுபடி கீபோர்டுக்குப் போயின.

“கீழ பாருங்க.”

கீழே கோப்பின் தலைப்பு இருந்தது. ஒரு புகைப்படம். நான்கு வருடத்துக்கு முந்தைய, மீசை இல்லாத தரணிதரன். படத்துக்கு அடியில்: ‘மறைந்தவராகக் கருதப்படுகிறார். மறைவை மறைத்ததாகச் சந்தேகிக்கப்படுபவர்: மனைவி, மிருதுளா.’

இரண்டு முறை படித்தான். மூன்றாவது முறையும் அதேதான் இருந்தது.

“உங்க பேர்ல ஒரு கோடு இருக்குல்லா? சேலைக் கடைக்காரங்க நெறம் காட்டறதுக்கு வச்சிருக்காங்களே.”

“சாயம்.”

“அதுக்கு ஏழு மாசம் முன்னால மூணு தடவ சான்று போட்டுப் பாத்திருக்கீங்க. மூணும் பொருந்தல. அப்புறம் ஆளையே காணோம். நாங்க நோட்டீஸ் மேல நோட்டீஸ் விட்டோம்.”

“சிஸ்டத்துல ஏதோ தப்புன்னு விட்டுட்டேங்க.” உண்மையில் அவன் எதுவும் நினைக்கவில்லை. அடித்தான், வரவில்லை, மூடினான். சாயம் இருந்தாலென்ன, போனாலென்ன.

“மாநகராட்சியில கேட்டேன். இந்த விலாசத்துல ஒரு இறப்பு பதிவாயிருக்குன்னு மட்டும் சொன்னாங்க. பேரு சொல்ல மாட்டாங்களாம், அதுக்கு வேற துறையில வேற ஃபாரம் எழுதணுமாம். ஒரு வீடு, ரெண்டு பேரு, ஒரு சாவு. பொண்டாட்டி விரலு சிங்கம் மாதிரி நடக்கு. புருசன் விரலு செத்துக் கெடக்கு. மிஷின் கணக்குப் போட்டுருச்சு. நான் நாலு மாடி ஏறி வந்தது மிருதுளாவப் புடிக்கத்தான். கதவத் தொறந்தா செத்தவரு நிக்காரு.”

“என் விரல்நடை எப்படி எட்டுக்குப் போச்சுங்க?”

“உங்க பதிவுல ஒரு குறிப்பு இருக்கு. ‘இரு விரல்.’”

தரணி குனிந்து கீபோர்டைப் பார்த்தான். பத்து விரலும் வரிசையாக, அதனதன் எழுத்தின் மேல் படுத்திருந்தன. அவனுடைய ஆள்காட்டி விரல்கள் இரண்டும் மற்றவற்றோடு ஒன்றாக இருந்தன. எட்டு வருடம் அவன் அந்த இரண்டால்தான் கோடு எழுதினான். ‘என்னப்பா நீ, கோழி கொத்தற மாட்டம் கொத்தற’ என்பாள் மிருதுளா. அலுவலகத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். எப்போது பத்தும் இறங்கின என்று அவனுக்கு ஞாபகம் இல்லை.

“அவ இல்லீங்க” என்றான்.

வாய்விட்டு யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. சொந்தக்காரர்களுக்கு மச்சான்தான் போன் செய்தான்.

“சனிக்கிழமை காலைலங்க. பல்லு வெளக்கிட்டு இருந்தா. மூளைல நரம்பு. ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடியே.”

ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றினார். “அப்பவே ஏன் சொல்லல?”

“அந்த வாரந்தான் முறையில ஒரு தப்பு தெரிஞ்சுது. ரெண்டு பேருக்கு ஒரே மிஷின் காட்டுச்சு. தாராபுரத்துல ஒருத்தரத் திருப்பி அனுப்பிட்டாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரியே அவ திருத்தம் எழுதி வெச்சுட்டா. கையெழுத்து மட்டும் திங்கக்கிழமை போட்டுக்கலாம்னா.” நிறுத்தினான். “செத்துட்டான்னு சொன்னா ஆறு மாசம் முடக்கம். நான் போட்டேன்.”

“எப்படி? அது நடக்காதுன்னுல்லா எங்க துறையே நடக்கு.”

அவன் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினான். கறுப்புப் பின்னணியில் ஆறு வட்டங்கள். மேலே ‘ஜமாப்’ என்று எழுதியிருந்தது. மிருதுளா கல்லூரியில் ஜமாப் மேளக் குழுவில் அடித்தவள். கோயில் நோம்பி, திருவிழாவுக்கெல்லாம் அடிக்கப் போவாள். பொழுதுபோக்காக இதை எழுதினாள். கீபோர்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அடி. அவள் வேலை செய்யும்போதெல்லாம் பின்னணியில் இதை ஓடவிடுவாள். அடித்ததையெல்லாம் அந்தப் பக்கம் சேர்த்தும் வைத்திருந்தது. இரண்டு வருடத்து அடிகள்.

“இதப் போட்டுட்டு கூடவே அடிச்சுப் பழகினேங்க. முதல் தடவ அறுபத்தொண்ணு வந்துச்சு. தினமும் காலைல ஒரு மணி நேரம். வேற வேலை இல்ல.”

ஜெசிந்தா ஒரு வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பன்னிரண்டு பதினெட்டு.

“மேடம், இன்னிக்கு ஒரு மணிக்குள்ள ஒரு திருத்தம் போகணுங்க.” எல்லாவற்றையும் சொன்னான். பிரவுசர், வெள்ளைத் திரை, திங்கட்கிழமை. பேசப் பேசத் தன் குரல் உயர்வது அவனுக்கே புதிதாக இருந்தது. “அதுக்கப்புறம் என்ன வேணா எழுதிக்கோங்க.”

“எனக்கு இதெல்லாம் புரியாது. நீங்க சொல்லுதது நெசமான்னு எனக்கு எப்படித் தெரியும்?” போனை எடுத்தார். “ஒரு மையத்தோட நம்பர் சொல்லுங்க.”

தாராபுரத்து எண்ணைச் சொன்னான். ஒலிபெருக்கியில் போட்டார். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் மிஷின்களின் சன்னமான பீப் ஒலி.

“திங்கக்கிழமை காலைல உங்ககிட்ட எத்தன பேரும்மா?”

“நாப்பத்தாறு பேருங்க. யாருங்க பேசறது?”

“அந்த டேப்லட் ஓடலன்னா என்ன செய்வீங்க?”

“அய்யோ, அத ஏங்க கேக்கறீங்க? பழையபடி நோட்டுதான். அப்புறம் ஆளாளுக்கு எனக்கு எனக்குன்னு நிப்பாங்க. பொட்டாசியம் ஏறினவங்கள அதுதாங்க முதல்ல காட்டும், செவப்புல. எங்களுக்கு எப்படீங்க தெரியும், மூஞ்சியப் பாத்தா?” ஒரு கணம் நிறுத்தினாள். “மேடம், நிறுத்தப் போறீங்களா அத?”

“இல்லம்மா. வையி.”

ஜெசிந்தா எழுந்தார். “காப்பித்தூள் எங்க இருக்கு?”

“மேல் தட்டுலங்க. ஏன்?”

“நான் பதினொன்றரைக்கு வந்தேன். ஒரு மணி வரைக்கும் யாரும் கதவத் தொறக்கல. அப்படித்தான் எழுதுவேன். அடுப்படியில இருந்தா எனக்கு ஒண்ணும் தெரியாது.” போனவர் திரும்பினார். “முப்பத்தோரு வருச சர்வீஸ்ல இது ரெண்டாவது பொய். மொதலாவத கேக்காதீங்க.”

பன்னிரண்டு இருபத்தொன்பதுக்குத் தரணி வெளியீட்டுப் பக்கத்தைத் திறந்தான். குறிப்பு எழுதும் கட்டம் காலியாக இருந்தது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ‘பொறுப்பாளர் மிருதுளா, கீழுள்ள பத்தியைத் தட்டச்சு செய்யவும்.’

பதினான்கு மாதமாக யோசிக்காமல் செய்ததை இப்போது யோசித்துச் செய்தான். இந்த விரல் அவளுடையதா, என்னுடையதா? எந்த எழுத்தில் அவள் தயங்குவாள்? தயங்க வேண்டிய இடத்தில் தயங்க மறந்தான். ஆள்காட்டி விரல்கள் மட்டும் முந்தின.

‘52. பொருந்தவில்லை. மீதமுள்ள வாய்ப்பு: 2.’

அடுப்படியில் பால் பொங்கும் சத்தம். அவன் கையைச் சட்டையில் துடைத்தான். மறுபடி அடித்தான். பாதியில் பத்தியின் அர்த்தம் புரிய ஆரம்பித்தது. அர்த்தம் புரிந்தால் போயிற்று.

‘44. பொருந்தவில்லை. மீதமுள்ள வாய்ப்பு: 1.’

பன்னிரண்டு நாற்பத்தொன்று. மூன்றாவதும் தவறினால் பக்கம் பூட்டிக்கொள்ளும். நாற்பத்தாறு பேர். அதுபோல இருநூற்றுப் பன்னிரண்டு வாசல்கள். முதலில் சிவப்பில் வர வேண்டியவர் நோட்டில் கடைசியாக இருப்பார்.

“என்னாச்சு?” அடுப்படியிலிருந்து குரல்.

“வரமாட்டேங்குதுங்க. தெரிஞ்சதுக்கப்புறம் வரமாட்டேங்குது.”

“அந்தக் கொட்டுச் சத்தத்தப் போட்டு விடுங்க.”

ஜமாப் பக்கத்தைத் திறந்தான். ஏதாவது ஒரு தேதி. அழுத்தினான்.

வீடு அதிர்ந்தது. டேப்லட்டுகள் மேஜைமேல் லேசாக நடுங்கின. அவள் ஒரு புதன்கிழமை மத்தியானம் எழுதிய ஏதோ கோடு. என்ன எழுதினாள் என்று தெரியாது, எப்படி எழுதினாள் என்பது மட்டும் கேட்டது. மூன்று வேக அடி, ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் டீ குடித்திருப்பாள். பிறகு ஒரு நீண்ட ஓட்டம், நான்கு தட்டு தட்டி அழித்தல், மறுபடி ஓட்டம். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். தரணி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பத்தியைக்கூடப் படிக்கவில்லை, எழுத்துகள் கண்ணில் பட்டன, விரல்கள் போயின.

‘98. பொருந்தியது.’

மிருதுளாவே தொண்ணூற்றைந்தைத் தாண்டியதில்லை.

குறிப்புக் கட்டம் இன்னும் காலியாக இருந்தது. ‘பிரவுசர் மாற்றத்துக்கான திருத்தம். இன்று உப்புமா. மிருதுளா சாப்பிடவில்லை.’ வெளியிட்டான். பன்னிரண்டு ஐம்பத்தாறு. ஐந்து டேப்லட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் சிமிட்டிவிட்டுப் புதிய பதிப்பைக் காட்டின.

ஜெசிந்தா இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தார். “இப்ப டைப் பண்ணது யாரு?”

“மிருதுளாங்க.”

“ம். அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு.” ஒரு டம்ளரை அவன் முன்னால் வைத்தார். “மணி ஒண்ணாச்சு. நீங்க கதவத் தொறந்துட்டீங்க. ஒரு சாவு எழுதியாகணும். பேர நீங்களே போடுங்க.”

டேப்லட்டில் ஒரே ஒரு கட்டம். தரணி அதைப் பார்த்தான். தன் பெயரைப் போட்டால் எல்லாம் ஒத்துப்போகும். மிஷினும் அதைத்தான் நம்புகிறது. தண்டனை இல்லை. மிருதுளா மாதாமாதம் இருந்துகொண்டிருப்பாள். அவன் மட்டும் இருக்க மாட்டான். அதில் அவனுக்கு வருத்தமே வரவில்லை. வருத்தம் வராததுதான் அவனைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

தாராபுரத்துப் பெண்ணின் குரல் நினைவுக்கு வந்தது. நிறுத்தப் போறீங்களா? இன்றைக்குப் பத்து விரல் பொருந்தியது. என்றாவது ஒரு வெள்ளிக்கிழமை பொருந்தாமல் போகும். அன்று அடுப்படியில் யாரும் இருக்க மாட்டார்கள்.

‘மிருதுளா’ என்று போட்டான்.

டேப்லட் ஒருமுறை அதிர்ந்தது. ‘ஏற்க இயலாது. இவர் ஒன்பது நிமிடங்களுக்கு முன் உயிருடன் இருந்தார்.’

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தரணிக்கும் வாயோரம் ஏதோ இழுத்தது. அது என்னவென்று அடையாளம் தெரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

“என் கண்ணால பாத்தது செல்லாது தம்பி. உங்க சர்ட்டிபிகேட்டும் செல்லாது. விரலு சொன்னாத்தான் சாவு.” டம்ளரைக் கீழே வைத்தார். “ஒரு வழிதான் இருக்கு. அடுத்த மாசச் சான்று என்னைக்கு?”

“முப்பது நாள்லங்க.”

“அன்னைக்கு அவங்க டைப் பண்ணலன்னா போதும். அதுவா முடிஞ்சிரும். நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம்.” எழுந்தார். “உங்களுக்கு மறுபதிவு மனு போட்டு விடுதேன். அதுல எத்தன தடவ வேணா அடிச்சுப் பாக்கலாம். அடுத்தவங்க பேர்ல அடிச்சதுக்கு மூணு வருசம் புதுக் கோடு எதுவும் உங்க பேர்ல வராது. அது நான் எழுதித்தான் ஆகணும்.”

“எழுதுங்க மேடம்.”

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். “செய்யாம இருக்க முடியுமாய்யா உங்களால?”



திங்கள் காலை ஐந்து மணிக்கு எந்தத் திரையும் வெள்ளையாகவில்லை. அந்த முப்பது நாளும் தரணி ‘முறை’யின் ஒவ்வொரு வரியையும் திறந்து, அது ஏன் அங்கே இருக்கிறது என்று எழுதினான். அடுத்த ஆறு மாதத்தில் எந்த பிரவுசர் எதைக் கைவிடப் போகிறது என்ற அறிவிப்புகளைத் தேடிப் படித்து, எல்லாவற்றையும் முன்கூட்டியே சரிசெய்து, கடைசியாக ஒருமுறை அவள் பெயரில் வெளியிட்டான். முடக்கம் முடிந்ததும் எடுத்துக்கொள்ள கரூரில் இரண்டு பேர் சம்மதித்தார்கள். கைகளுக்கு நல்ல வேலை இருந்தது. காலையில் ஜமாப் போடவில்லை.

முப்பதாம் நாள் ஒரு ஞாயிறு. ஒன்பது மணிக்கு நினைவூட்டல் வந்தது. ‘மிருதுளா, இன்று உங்கள் உயிர்ச்சான்று நாள். மாலை ஆறு மணி வரை.’ பன்னிரண்டுக்கு இன்னொன்று. மூன்றுக்கு இன்னொன்று, கொஞ்சம் சிவப்பாக. அவன் கீபோர்டுக்கு முன்னால், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். ஒரு பத்தி. மூன்று நிமிட வேலை.

ஐந்தேகாலுக்குப் போன் அடித்தது.

“ஜெசிந்தா பேசுதேன். என்ன செஞ்சுக்கிட்டு இருக்கீங்க?”

“சும்மா உக்காந்திருக்கேங்க.”

“சாப்பிட்டீங்களா?”

“இல்லீங்க.”

“உப்புமாவாவது கிண்டுங்கய்யா.” அவர் போனை வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் டிவியில் ஏதோ ஓடியது. ஆறு மணி வரைக்கும் அப்படியே இருந்தார்கள்.

ஆறு மணிக்கு மிருதுளாவின் பெயர் சாம்பல் நிறமானது. சத்தம் எதுவும் வரவில்லை.

“ஆயிருச்சுங்க” என்றான்.

“சரி தம்பி. நான் வைக்கேன்.”

விளக்கைப் போட்டான். மறுபதிவுப் பக்கத்தைத் திறந்தான். ‘தரணிதரன், கீழுள்ள பத்தியைத் தட்டச்சு செய்யவும்.’ பத்து விரலும் தானாக அதனதன் இடத்தில் போய்ப் படுத்தன. எட்டை ஒவ்வொன்றாக எடுத்து மடக்கினான். மீதி இரண்டால் கொத்தினான். எழுத்து எழுத்தாக, தேடித் தேடி. இருபத்தைந்து நிமிடம் ஆனது.

‘58. பொருந்தவில்லை.’

கையை உதறிக்கொண்டு மறுபடி முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தான்.